அலை ஒன்று, அணுமின் நிலையங்கள் மூன்று

ஒரே நாடு, ஒரே கடற்கரை, ஒரே சுனாமி. ஒரு நிலையம் உருகியது, ஒன்று தப்பியது, ஒன்றை ஊழியர்கள் தோளில் சுமந்து மீட்டார்கள். நம்பகத்தன்மைப் பொறியியல் என்னும் துறை, எந்திரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கி நிறுவனங்களிடம் வந்து நிற்பது ஏன் என்று விளக்க இந்த மூன்று நிலையங்களே போதும்.

ஜப்பானின் வடகிழக்கில், பசிபிக் கடலைப் பார்த்தபடி நிற்கும் அணுமின் நிலையங்கள் அவை. வடக்கே ஒனகாவா. தெற்கே ஃபுகுஷிமா டாய்ச்சி. அதற்கும் சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே ஃபுகுஷிமா டாய்னி. 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46 மணிக்குக் கடலடியில் 9.0 அளவில் நிலம் குலுங்கியது. மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் அத்தனையும் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து சேர்ந்தது.

டாய்ச்சியில் மூன்று உலைகள் உருகின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். நிலநடுக்க மையத்துக்கு டாய்ச்சியைவிட அருகில் இருந்த ஒனகாவா பெரிய சேதமின்றித் தப்பியது. ஒனகாவா ஊரோ சின்னாபின்னமானது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களில் முன்னூறுக்கும் அதிகமானோர் அணுமின் நிலையத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்து, அங்குள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் வாரக்கணக்கில் தங்கினார்கள். சுற்றுவட்டாரத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. டாய்னி, விளிம்புவரை போய்த் திரும்பியது.

மூன்றும் கொதிநீர் உலைகள். மூன்றுக்கும் ஒரே சட்டம், ஒரே கண்காணிப்பு அமைப்பு. டாய்ச்சி, டாய்னி இரண்டுக்கும் முதலாளிகூட ஒருவரே: டெப்கோ என்னும் மின் நிறுவனம். ஒனகாவாவைத் தாக்கிய அலை சுமார் 13 மீட்டர். டாய்ச்சியில் ஏறிய நீர் 14, 15 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் ஒன்று பாதுகாப்பான புகலிடமாகவும், இன்னொன்று யாரும் நெருங்க முடியாத இடமாகவும் ஆனது?

பெருக்கப் பெருக்கக் குறையும் கணக்கு

விடைக்கு முதலில் ஒரு கணக்கு வேண்டும். அதைத் தரும் நம்பகத்தன்மைப் பொறியியல் போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை வடிவமைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் லூசர். சோதனைகளில் குண்டுகள் அடிக்கடி சொதப்பின. மிகவும் பலவீனமான பாகத்தைத் தேடிப் பிடித்துப் பலப்படுத்திவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் பாகங்களில், ஒவ்வொன்றின் நம்பகத்தையும் அடுத்ததோடு பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பாகமும் 100 தடவையில் 99 தடவை ஒழுங்காக வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 100 பாகங்களைக் கோத்துச் செய்த எந்திரம் ஒழுங்காக வேலை செய்யும் வாய்ப்பு 37 சதவீதம்கூட இல்லை. பாகம் எதுவும் மட்டமில்லை, எந்திரம்தான் மட்டம்.

லூசர் பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய், ஏவுகணைத் திட்டங்களில் இதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ராணுவம் வாங்கிக் குவித்த மின்னணுக் கருவிகள் பழுதாவதை ஆராய 1952-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1957-இல் அறிக்கை தந்தது. விலையையும் எடையையும் போல நம்பகத்தையும் எண்ணால் குறித்து, ஒப்பந்தத்தில் எழுதி, சோதித்து வாங்கும் வழக்கம் அதன் பிறகு வேரூன்றியது.

பெருக்கல் கணக்கை எதிர்கொள்ள எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு: ஸ்டெப்னி. அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் கிளம்பாமல் போக 100-இல் ஒரு வாய்ப்பு என்றால், இரண்டு வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து கைவிட 10,000-இல் ஒரு வாய்ப்புதான். மூன்று வைத்தால் பத்து லட்சத்தில் ஒன்று. காகிதத்தில் இது அற்புதமாக இருக்கும்.

ஒன்று பழுதாவதற்கும் இன்னொன்று பழுதாவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோது மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். ஒரே டேங்கின் டீசல், ஒரே மெக்கானிக் செய்த ஒரே தவறு, ஒரே அறையில் புகுந்த வெள்ளம் என்று பொதுக் காரணம் ஒன்று வந்துவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். பழுதுகளில் பத்தில் ஒன்று இப்படிப் பொதுக் காரணத்தால் வருகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து கைவிடும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றிலிருந்து 1,000-இல் ஒன்றாக எகிறிவிடும். அதன் பிறகு மூன்றாவது, நான்காவது, பத்தாவது ஜெனரேட்டர் வாங்கிப் போட்டாலும் அந்த ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்காது. செலவு மட்டும் ஏறும்.

நனையாமல் செத்த எந்திரங்கள்

டாய்ச்சியில் ஆறு உலைகள். அவற்றுக்கு 13 அவசர டீசல் ஜெனரேட்டர்கள். நிலநடுக்கத்தில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் அறுந்தது, ஜெனரேட்டர்கள் கிளம்பின. உலை நின்றாலும் எரிபொருள் சூடு அடங்குவதில்லை. நின்ற மறுகணம் முழுத் திறனில் 6, 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்த வெப்பத்தைத் தண்ணீர் ஓட்டி அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பம்பு ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

பிற்பகல் 3.36 மணி வாக்கில் பெரிய அலை ஏறியது. 1 முதல் 4 வரையிலான உலைகள் நின்ற தரை, கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரம்தான். ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டட அடித்தளங்களில் இருந்தன. அவை மூழ்கின.

பதின்மூன்றில் மூன்று எந்திரங்கள் மட்டும் காற்றால் குளிர்விக்கப்படும் வகை; பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை, அடித்தளத்துக்கு மேலே வைக்கப்பட்டவை. அவற்றில் 2, 4-ஆம் உலைகளுக்கு உரிய இரண்டும் நனையவே இல்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தை வாங்கிப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் பேனல்கள் அடித்தளத்தில் இருந்தன. பேனல் மூழ்கியதும், ஓடக்கூடிய நிலையில் இருந்த இரண்டு எந்திரங்கள் யாருக்கும் பயன்படாமல் நின்றன. ஆக, 13-இல் கைகொடுத்தது 6-ஆம் உலையின் ஒரே ஒரு ஜெனரேட்டர். அதன் மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டுதான் 5-ஆம் உலையும் 6-ஆம் உலையும் பிழைத்தன.

பேட்டரிகளும் பல இடங்களில் நீரில் போயின. உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர்கள் அணைந்துவிட்டன. ஊழியர்கள் வளாகத்தில் நின்ற கார்களின் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து, கன்ட்ரோல் ரூமில் வரிசையாகக் கோத்து மீட்டர்களுக்கு உயிர் கொடுத்தார்கள்.

1-ஆம் உலையில் பம்பே தேவைப்படாத குளிர்விப்பான் ஒன்று இருந்தது. உலையின் ஆவி தானே மேலேறி, தொட்டித் தண்ணீரில் குளிர்ந்து, நீராகித் தானே இறங்கும். ஆனால் கட்டுப்பாட்டு மின்சாரம் அறுந்ததும் அதன் வால்வுகள் மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. தொட்டியின் ஆவி வெளியேறும் இரண்டு துளைகள் கட்டடச் சுவரில் இருந்தன. ஊழியர்கள் அவற்றைப் ‘பன்றி மூக்கு’ என்பார்கள். அன்று மாலை அங்கே மங்கலாக ஆவி தெரிந்ததாகச் செய்தி வந்தது. கருவி ஓடுகிறது என்று அவசரகால அறையில் இருந்தவர்கள் நம்பினார்கள். உண்மையில் ஓடினால் ஆவி எப்படிச் சீறும் என்று கண்ணால் பார்த்தவர் அந்த ஷிப்டில் ஒருவரும் இல்லை. அந்தக் கருவியை நிஜமாக இயக்கிய அனுபவமும் யாருக்கும் இல்லை.

இது, டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் சங்கடமேதான். ஓடும் சக்கரத்தில் காற்று இறங்கினால் உடனே தெரியும். ஸ்டெப்னியில் இறங்கினால், அதைக் கழற்றி மாட்டும்வரை தெரியாது. எனவே காத்திருப்பில் இருக்கும் கருவியின் நம்பகம், அதன் தரத்தைப் பொறுத்த அளவுக்கு அதைச் சோதிக்கும் இடைவெளியையும் பொறுத்தது. மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், உள்ளே வந்த பழுது சராசரியாக 15 நாள் யாருக்கும் தெரியாமல் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஆறு மாதம். ஓட்டியே பார்க்காவிட்டால், தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

மூன்று மீட்டர் மதிப்பீடும் ஒரு பிடிவாதக்காரரும்

டாய்ச்சி அமைந்த இடம் முன்பு முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த கடலோரக் குன்று. 1960-களில் அதை வெட்டிப் பத்து மீட்டருக்கு இறக்கினார்கள். உலைகளைக் கெட்டிப் பாறைமேல் நிறுத்தலாம், கனமான தளவாடங்களைக் கடல் வழியே எளிதில் இறக்கலாம், கடல்நீரை மேலேற்றும் பம்புச் செலவு குறையும். ஒவ்வொன்றும் பொறியாளர் ஒப்புக்கொள்ளும் காரணம்தான். சுனாமி அங்கே சுமார் மூன்று மீட்டர் உயரம் வரலாம் என்பது அன்றைய மதிப்பீடு. 1960-இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் அந்தக் கரையில் பதிவான அலையை வைத்துச் சொன்னது. மூன்று மீட்டருக்குப் பத்து மீட்டர் தாராளம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஒனகாவாவிலும் தொடக்க மதிப்பீடு சுமார் மூன்று மீட்டர்தான். ஆனால் அங்கே யானோசுகே ஹிராய் என்று ஒருவர் இருந்தார். ஒனகாவாவைக் கட்டிய தோஹோகு மின் நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர், கட்டடப் பொறியாளர், அதே மியாகி மாகாணத்துக்காரர். நிலையத்தின் உயரத்தை முடிவு செய்யும் குழுவில், 869-ஆம் ஆண்டு அந்தக் கரையை அழித்த ஜோகன் சுனாமியை அவர் சுட்டிக்காட்டினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அலைக்காக இத்தனை செலவா என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. 12 மீட்டர் போதும் என்றவர்கள் இருந்தார்கள். ஹிராய் விடவில்லை. 14.8 மீட்டரில் கட்டினார்கள்.

அவர் உயரத்தோடு நிறுத்தவில்லை. சுனாமி வருமுன் கடல் பின்வாங்குமே, அப்போது கடல்நீர்ப் பம்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டார். கடல் உள்வாங்கினாலும் குளிர்விக்கப் போதுமான நீர் தங்கும்படி உறிஞ்சு குழி அமைக்கப்பட்டது. அவர் 1986-இல் காலமானார். அவர் போன பிறகும் நிறுவனம் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. செண்டாய் சமவெளி வயல்களின் மண்ணைத் தோண்டி, ஜோகன் சுனாமி கொண்டுவந்து படியவைத்த மணலைத் தேடியது. மதிப்பீட்டை 9.1 மீட்டராக உயர்த்தியது. கரைச் சரிவைப் பலப்படுத்தியது.

2011-இல் நிலநடுக்கத்தில் அந்தக் கரையே சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. 14.8, 13.8 ஆனது. வந்த அலை 13. மிச்சம் இருந்தது ஒரு மீட்டர்கூட இல்லை. 12 மீட்டரில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒனகாவாவிலும் எல்லாம் கச்சிதமாக நடந்துவிடவில்லை. ஒரு கட்டடத்தில் மின் பேனல் தீப்பிடித்தது. 2-ஆம் உலையின் அடித்தளத்தில் கடல்நீர் புகுந்து சில ஜெனரேட்டர்கள் பயனற்றுப் போயின. வெளியிலிருந்து வரும் ஐந்து மின்பாதைகளில் நான்கு அறுந்தன. ஆனால் ஒரு மின்பாதை நின்றது, மீதி ஜெனரேட்டர்கள் இருந்தன. பழுதுகள் வந்தபோதும் அவை ஒன்றாகச் சேர்ந்து வரவில்லை. கணக்கு சொல்லும் பாதுகாப்பு அதுதான்.

கல்பாக்கத்திலிருந்து போன செய்தி

டாய்ச்சிக்கு எச்சரிக்கையே வரவில்லையா? வந்தது. அதில் ஒன்று நம் ஊரிலிருந்தே போனது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை நீண்ட பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடலுக்கடியில் போகும் சுரங்கம் வழியாகச் சுனாமி நீர் பம்பு இல்லத்துக்குள் பொங்கியது. கண்டன்சருக்கு நீர் இறைக்கும் பம்புகள் நீரில் மூழ்கி நின்றன. ஊழியர்கள் உலையை நிறுத்தினார்கள். உலைக் கட்டடம் மேடான தரையில் இருந்தது. அவசர மின்சாரத்துக்கும் குறை வரவில்லை. உலை பத்திரமாக அடங்கியது. அருகில் கட்டிக்கொண்டிருந்த அதிவேக ஈனுலையின் அஸ்திவாரக் குழி நீரால் நிரம்பியது. நகரியத்திலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. டாய்ச்சியைத் தாக்கியதோடு ஒப்பிட்டால் கல்பாக்கத்துக்கு வந்தது சின்ன அலைதான். அதனால் இதை வெற்றிக் கதையாக்க வேண்டாம். கடல்நீர் அணுமின் நிலையத்தின் பம்பை மூழ்கடிக்கும் என்பது அன்று கண்ணெதிரே நடந்து காட்டியது. அது போதும்.

உலகம் அதைக் கவனித்தது. ஜப்பானிலும் 2006-இல், கல்பாக்கம் நிகழ்வையும் ஒரு காரணமாகக் கொண்டு, கண்காணிப்பு அமைப்பு ஓர் ஆய்வுக் குழுவைக் கூட்டியது. மின் நிறுவனங்களும் உட்கார்ந்தன. டாய்ச்சியின் 5-ஆம் உலையை எடுத்துக்கொண்டு, தரையைவிட ஒரு மீட்டர் அதிகமாக அலை வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மின்சாரம் முழுக்கப் போகும் என்று விடை வந்தது. பின்னால் நடந்ததை ஐந்தாண்டுக்கு முன்பே ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டார்கள்.

2008-இல் அடுத்த எச்சரிக்கை. அந்தக் கரையோரம் முழுவதும் எங்கு வேண்டுமானாலும் பெரும் சுனாமி நிலநடுக்கம் வரலாம் என்று அரசின் நிலநடுக்க ஆய்வு அமைப்பு 2002-இலேயே சொல்லியிருந்தது. அதை வைத்து டெப்கோவே கணக்கிட்டபோது, டாய்ச்சியில் அலை 15.7 மீட்டர்வரை வரலாம் என்று தெரிந்தது. தடுப்புச் சுவர் எழுப்பப் பெருஞ்செலவு, ஆண்டுக்கணக்கில் வேலை. நிர்வாகம் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை. கட்டடப் பொறியாளர் சங்கத்திடம் ஆராயக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான் இது: முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை, கமிட்டிக்கு அனுப்பினால் போதும். கண்காணிப்பு அமைப்பிடம் இந்த எண்ணை டெப்கோ விளக்கியது 2011 மார்ச் 7 அன்று. சுனாமிக்கு நான்கு நாள் முன்பு.

2008-இல் அந்தக் கூட்டங்களில் இருந்த துறைத் தலைவர் மசாவோ யோஷிதா. அப்படியொரு அலை நிஜமாக வரும் என்று அவரும் நம்பவில்லை. 2010-இல் டாய்ச்சி நிலையத்தின் தலைவராக அவர் மாற்றப்பட்டார். அலை வந்தபோது அங்கே இருந்தவர் அவர்தான். 1-ஆம் உலையைக் குளிர்விக்கக் கடல்நீர் பாய்ச்சுவதை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, சரி என்பதுபோல நடித்துவிட்டுத் தொடர்ந்து பாய்ச்ச வைத்தார். நாடே அவரை வீரராகக் கொண்டாடியது. 2013-இல் புற்றுநோயால் இறந்தார். நெருக்கடியில் மேலிடத்தை மீறும் துணிச்சல் உள்ள மனிதர், மூன்றாண்டுக்கு முன் ஓர் அமைதியான கூட்டத்தில் அந்த எண்ணைக் கடந்து போனார். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. ஓர் எண் மேசைக்கு வந்தால் அது வேலையாக மாறுமா, கோப்பாக மாறுமா என்பதை நிறுவனத்தின் நடைமுறையே தீர்மானிக்கிறது.

ஜப்பான் நாடாளுமன்றம் கியோஷி குரோகாவா தலைமையில் அமைத்த விசாரணைக் குழு, 2012 ஜூலையில் இதை மனிதர்களால் விளைந்த பேரழிவு என்று தீர்ப்புச் சொன்னது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தயங்கும் ஜப்பானியப் பண்பாட்டையும் குரோகாவா சாடினார். அந்த விளக்கம் ஒனகாவாவில் இடிக்கிறது. ஹிராயும் ஜப்பானியர்தானே? அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே அதைக் கண்காணிக்கும் அமைப்பும் இயங்கியதுதான் உருப்படியான குற்றச்சாட்டு. 2012-இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டு, தனித்து இயங்கும் ஆணையம் வந்தது.

ஒன்பது கிலோமீட்டர் கேபிள்

டாய்னியில் நான்கு உலைகள். கடல்நீர்ப் பம்புகள் மூழ்கி, மூன்று உலைகளுக்குக் குளிர்ச்சி நின்றது. ஆனால் வெளி மின்பாதை ஒன்று மிஞ்சியிருந்தது. கன்ட்ரோல் ரூமில் விளக்கு எரிந்தது, மீட்டர்கள் வேலை செய்தன. என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. டாய்ச்சிக்குக் கிடைக்காத பெரிய வரம் அது.

நிலையத் தலைவர் நவோஹிரோ மசுதா ஒரு வெள்ளைப் பலகையை எடுத்தார். பின்னதிர்வுகள் எத்தனை மணிக்கு, எந்த அளவில் வருகின்றன என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். அதிர்வுகள் படிப்படியாகத் தணிவதை ஊழியர்கள் அவரவர் கண்ணால் பார்த்தார்கள். ‘தைரியமாகப் போங்கள்’ என்று அவர் அதட்டவில்லை. வெளியே போவது எவ்வளவு ஆபத்து என்பதை மறைக்காமல் காட்டினார்.

உயிரோடு இருந்த மின்மூலத்திலிருந்து பம்புகள்வரை கேபிள் இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 200 மீட்டர் நீளம், சுமார் ஒரு டன் எடை. சாதாரண நாளில் எந்திரம் வைத்து நிதானமாகச் செய்யும் வேலை. சுமார் 200 பேர் சேர்ந்து, தோளில் சுமந்து, ஒன்பது கிலோமீட்டர் கேபிளை ஏறத்தாழ ஒன்றரை நாளில் போட்டு முடித்தார்கள். எந்த உலையை முதலில் பார்ப்பது என்ற திட்டத்தை, வெப்பநிலை மாறியபோது மசுதா நடுவிலேயே மாற்றினார். ஏன் மாற்றுகிறேன் என்றும் சொன்னார். மார்ச் 15 காலையில் நான்கு உலைகளும் குளிர்ந்து அடங்கின.

நம்பகத்தன்மையில் இரண்டு பகுதி உண்டு: கெடாமல் இருப்பது, கெட்டால் எவ்வளவு சீக்கிரம் மீள்வது. வடிவமைப்பாளர்கள் முதல் பகுதியிலேயே குறியாக இருப்பார்கள். டாய்னியைக் காப்பாற்றியது இரண்டாம் பகுதி. கெட்டதை உடனே அறியும் வழியும், கைக்கெட்டும் உதிரிப் பொருளும், தலைவர் சொல்வதை நம்பும் ஊழியரும் இருந்தால்தான் அது நடக்கும்.

வேறு ஊர், அதே பழுது

2012 அக்டோபர் 29-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலேற்றும் பம்புகளோ அடித்தளத்தில் இருந்தன. அங்கே வெள்ளம் புகுந்தது. தேசியக் காவல் படையினர் மாடிப்படிகளில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். டாய்ச்சியில் நனையாத ஜெனரேட்டரை நனைந்த பேனல் முடக்கி இருபது மாதம்தான் ஆகியிருந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரைபுரண்டபோது, ஒரு தனியார் மருத்துவமனையின் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றது. நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

போபாலில் நச்சுவாயு கசிந்த 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் அந்த ஆலையில் பாதுகாப்புக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. நச்சுத் திரவத்தைக் குளிரவைக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் அமைப்பு ஓட்டத்தில் இல்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. நான்கு ஸ்டெப்னி, நான்கிலும் காற்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. நான்கையும் யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் மென்பொருள், விமானத்தில் இரண்டு கோண உணரிகள் இருந்தும் ஒரே ஒரு உணரியின் பேச்சைத்தான் கேட்டது. அந்த உணரி தவறாகச் சொன்னபோது, 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தனர். இந்தோனேசியாவில் விழுந்த அதே விமானத்தில் முந்தைய பயணத்திலும் இதே கோளாறு வந்தது. விமானிகள் மூக்கைக் கீழே அழுத்திய மோட்டாரின் ஸ்விட்சை அணைத்துச் சமாளித்துத் தரையிறங்கினார்கள். எப்படிச் சமாளித்தார்கள் என்பது குறிப்பேட்டில் முழுமையாக ஏறவில்லை. மறுநாள் காலை வேறு விமானிகள் அதே விமானத்தில் கிளம்பினார்கள்.

தப்பிப் பிழைத்த நிகழ்வுகள்தான் ஒரு நிறுவனத்துக்கு மலிவாகக் கிடைக்கும் பாடம். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் ஊழியர்களும் தங்கள் தவறுகளை நாசாவிடம் ரகசியமாகத் தெரிவிக்கலாம். நாசாவிடம் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, அதனால்தான் சொல்கிறார்கள். தண்டிக்கும் அதிகாரியிடமே தவற்றைச் சொல்லு என்றால் வெற்றுக் குறிப்பேடுதான் கிடைக்கும்.

உங்கள் இடத்தில் கேட்டுப் பாருங்கள்

• ஜெனரேட்டர் எந்த மாடியில் என்று மட்டும் கேட்காதீர்கள். அதன் டீசல் பம்பு, பேனல், பேட்டரி, கேபிள் எங்கே என்று நடந்து போய்ப் பாருங்கள். மிகத் தாழ்வாக இருப்பது எதுவோ, ஜெனரேட்டரின் உண்மையான உயரம் அதுதான்.

• கடைசியாக எப்போது முழு லோடில் ஓட்டினார்கள்? லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு லாக் புக்கில் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த (ஏ.எம்.சி.) ரசீதும் சோதனை ஆகாது.

• பழுதென்று நிறுத்தி வைத்திருக்கும் பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல் ஒரே தாளில், ஒரே அதிகாரியின் மேசையில் இருக்கிறதா?

• கடந்த ஆண்டு நூலிழையில் தப்பிய நிகழ்வு எது? ‘அப்படி எதுவுமில்லை’ என்று பதில் வந்தால், யாரும் சொல்லவில்லை என்று பொருள்.

தப்பியவர்கள் என்ன செய்தார்கள்?

விபத்துக்குப் பிறகு பாடம் கற்பது எல்லாருக்கும் வரும்; விசாரணைக் குழுவே கற்பித்துவிடும். ஒன்றும் ஆகாதபோது கற்பதுதான் கடினம். ஒன்றும் ஆகாத நாள் ஒவ்வொன்றும், இதுவரை செய்தது போதும் என்றே சொல்லும். டாய்ச்சி நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது.

தப்பிய ஒனகாவாவைப் பாருங்கள். 2011-இல் நிரூபணமான 14.8 மீட்டரைக் காட்டி, எங்கள் கணக்கு சரி என்று அவர்கள் மார்தட்டியிருக்கலாம். புதிய விதிகள் வந்தன. அடுத்த சுனாமி 23.1 மீட்டர்வரை வரலாம் என்று நிறுவனம் திருத்திக் கணக்கிட்டது; 800 மீட்டர் நீளத்துக்குக் கடல் மட்டத்திலிருந்து 29 மீட்டர் உயரத்தில் சுவர் எழுப்பியது. அதன் பிறகே, 13 ஆண்டுகள் கழித்து 2024 அக்டோபரில், இரண்டாம் உலை மீண்டும் ஓடத் தொடங்கியது. ஹிராயின் எண்ணையும் அவர்கள் கடைசி எண்ணாக வைத்துக்கொள்ளவில்லை.

இங்கும் ஆலை, மருத்துவமனை, ரயில்வே, மின்வாரியம், அடுக்குமாடிச் சங்கம் என எல்லா இடத்திலும் கூட்டம் நடக்கிறது. யாரோ ஒருவர் சங்கடமான எண் ஒன்றைச் சொல்கிறார். செலவாகும், பிறகு பார்க்கலாம் என்று பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அந்த எண் யார் சொன்னது, ஏன் ஒத்திவைக்கப்பட்டது, மறுபடி எந்தத் தேதியில் எடுக்கப்படும், அதுவரை யார் பொறுப்பு என்று நான்கு வரி கூட்டக் குறிப்பில் ஏறட்டும். அதற்குச் சுவர் கட்டும் செலவு ஆகாது. அந்த நான்கு வரி எழுதப்படாத இடத்தில், எத்தனை ஜெனரேட்டர் வாங்கி வைத்தாலும் எண்ணிக்கைதான் கூடும்.